பட்டு நூல் தீர்ந்துபோன நாள்

கத்தி எடுத்தும் கனிவு குன்றாத கைகளுக்கு உரியவரே! காயம் கண்டு கலங்காத கற்கோட்டையே! தைப்பதில் தளராத தலைமகனே! முடிச்சிடுவதில் மூத்த முதல்வரே! பட்டுக்கை என்று பாரெங்கும், பாரெங்கும் இல்லாவிட்டாலும் முதல் மாடி முழுவதும், பரவிய பெயர் படைத்த பெருந்தகையே! எங்கள் தலைமை அறுவை மருத்துவரே! வணக்கம்.

மனித இனம் மண்ணில் தோன்றிய நாள் தொட்டு இந்தப் பிற்பகல் வரை மனித உடலில் போடப்பட்ட தையல்களிலெல்லாம் தலைசிறந்தவை தங்கள் தையல்களே. இதை நாங்கள் முகத்துதிக்காகச் சொல்லவில்லை. தாங்களே பலமுறை, பல இடங்களில், நோயாளி உறங்கும்போதும் விழித்திருக்கும்போதும், எடுத்துரைத்திருக்கிறீர்கள். மறுத்தவர் எவருமில்லை. உறங்கும் நோயாளி மறுப்பதில்லை. விழித்திருந்தவருக்கோ இன்னும் தையல் பிரிக்க வேண்டியிருந்தது.

தாங்கள் பணியில் சேர்ந்தபோது இம்மருத்துவமனையில் லிஃப்ட் இல்லை. தாங்கள் ஓய்வு பெறும் இந்நாளில் லிஃப்ட் இருக்கிறது, ஓடவில்லை. இடைப்பட்ட காலமெல்லாம் தாங்கள் படியேறியே வந்தீர்கள், படியேறியே எங்களைத் திட்டினீர்கள், மூச்சு ஒருமுறையும் வாங்கவில்லை. திட்டிய சொல்லைத் தாங்கள் இரண்டாம் முறை சொன்னதில்லை. முதல் முறையே முழுமையாக இருக்கும். எறிந்த கத்தரிக்கோல் எவர் மேலும் பட்டதில்லை. படாமல் எறிவதும் ஒரு கைத்திறன் என்று தாங்களே விளக்கினீர்கள். ஏழை, பணக்காரர், எதிர்த்துப் பேசுகிறவர், பேசாமல் முறைக்கிறவர் என்று வேறுபாடு பாராமல் எல்லார் வயிற்றையும் ஒரே அக்கறையோடு திறந்தீர்கள். அதைவிட முக்கியமாக, மூடினீர்கள். வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காத தாங்கள், வார்டிலிருந்து அழைப்பு வந்தால் பாதிக் கன்னத்தில் சவர நுரையோடு வந்து நின்றீர்கள். இவை அனைத்தும் மெய். இவற்றுக்காக நாங்கள் தலை வணங்குகிறோம்.

இனி மரபுப்படி தங்கள் நற்பண்புகளை அடுக்க வேண்டும். ஆனால் ஒரு நற்பண்பை மட்டும் அடுக்க முடியாது, கதையாகத்தான் சொல்ல முடியும். அதை நேருக்கு நேர் தங்கள் முகம் பார்த்துச் சொல்லும் துணிவு எங்களுக்கு இல்லை. இன்று மாலை ஐந்து மணி வரை தாங்கள் எங்கள் மேலதிகாரி. ஆகவே அவையைப் பார்த்துச் சொல்கிறோம். தாங்கள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பதாக நாங்கள் நம்பிக்கொள்கிறோம்.

அவையோரே! மேடை நடுவில், நம் தலைமை மருத்துவர் அமர்ந்திருக்கும் அந்த மர நாற்காலியைப் பாருங்கள். இப்போது மெருகேறி மினுங்குகிறது. அதன் வலப்பக்கக் கைப்பிடியில் கம்பளிப்பூச்சிகள் வரிசையாக ஏறுவது போல் தெரிபவை கம்பளிப்பூச்சிகள் அல்ல. அவை கறுப்புப் பட்டு நூலில் போட்ட முடிச்சுகள். போனில் பேசும்போதும், டீ ஆறும்போதும், நிர்வாகக் கூட்டத்தில் எவரோ நிதிநிலை பற்றி உரையாற்றும்போதும் அவர் கை சும்மா இருந்ததில்லை. இடக்கை நூலைப் பிடிக்கும், வலக்கை சுற்றும், சுண்டும், இறுக்கும். ஒரு முடிச்சு. மேலே இன்னொன்று. எங்களில் புதிதாகச் சேர்ந்த எவருக்கும் அவர் தந்த முதல் பரிசு ஒரு முழ நூலும் ஓர் அறிவுரையும்தான்.

"கை சும்மா இருந்தா மூளை துருப்பிடிச்சிடும். கட்டு. பார்க்காம கட்டு. தூக்கத்துல எழுப்பினாலும் கட்டணும்."

அந்த நூல் எப்போதும் பட்டாகத்தான் இருக்கும். பட்டைத் தவிர வேறு நூல் இவ்வுலகில் உண்டென்பதை அவர் ஒப்புக்கொண்டதேயில்லை. உண்டு என்று யாரேனும் நினைவூட்டினால், அதாவது அந்த நீல நிற ஒற்றையிழை நூலை நீட்டினால், அதைக் கிள்ளியெடுத்து விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, அறையில் உள்ளவர் அனைவரும் கேட்குமாறு சொல்வார்:

"என்ன இது? மீன் பிடிக்கப் போறோமா? கட்டினா வழுக்குது, விட்டா சுருண்டுக்குது, வெட்டினா முள்ளாட்டம் குத்துது. இதுக்கு நூல்னு பேர் வெச்சவன எனக்குக் காட்டுங்க."

"தூண்டில் முள்ளும் சேர்த்து வாங்கி வைக்கட்டுமா சார்?" என்பார் மயக்க மருத்துவர். அறுவை நடக்கும்போதெல்லாம் நோயாளியின் தலைமாட்டில் முக்காலியில் அமர்ந்து, நோயாளிக்குச் சமமாகக் கண்மூடியிருப்பவர் அவர். இப்படிப்பட்ட தருணங்களில் மட்டும் விழித்துக்கொள்வார்.

"வாங்கி வை. ஒரு புழுவும் வாங்கி வை."

அன்று முதல் நீல நூலுக்குத் 'தூண்டில் நரம்பு' என்று பெயர். அது அலமாரியின் அடித்தட்டில் கிடந்தது. மேல்தட்டுகள் முழுவதும் பட்டு.

அவருடைய இன்னொரு பெருமையையும் சொல்லிவிட வேண்டும். "என் கை வெச்ச காயம் எதுவும் இதுவரைக்கும் சீழ் பிடிச்சதில்ல" என்பார். இது முற்றிலும் உண்மை. ஏனெனில் சீழ் என்ற சொல்லையே அவர் தம் வார்டில் பயன்படுத்த விடவில்லை. கட்டைப் பிரிக்கும்போது பஞ்சு நனைந்திருந்தால் அதற்குப் பெயர் 'ஈரம்'. கொஞ்சம் அதிகமாக நனைந்திருந்தால் 'நெகிழ்ச்சி'. கட்டையும் தாண்டிப் படுக்கை விரிப்பு வரை வந்துவிட்டால், அவர் புன்னகையோடு நோயாளியின் தோளைத் தட்டி, "காயம் ஆறப் போற சந்தோஷத்துல ஆனந்தக் கண்ணீர் விடுது" என்பார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள். நம் தலைமை மருத்துவரின் முயல் நொண்டியபோது, அது நடனமாடுவதாக நாங்களும் கை தட்டினோம்.

கை தட்டாதவர் ஒருவர் மட்டும் இருந்தார். அவர் கீழ்த்தளத்தில் கிருமியியல் ஆய்வகத்தை நடத்துபவர். தலைமை மருத்துவரின் துணைவியாரும் அவரே. வீட்டில் கணவரை 'என்னங்க' என்று அழைப்பார், மருத்துவமனையில் 'டாக்டர்' என்று அழைப்பார். கோபம் வந்தால் இரண்டு இடத்திலும் 'டாக்டர்'. மாடியில் வடிந்த ஆனந்தக் கண்ணீரெல்லாம் சின்னக் குப்பிகளில் அடைபட்டு அவர் மேசைக்குத்தான் போகும்.

ஒருநாள் படியேறி வந்து, தலைமை மருத்துவரின் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தார். நாங்கள் வெளியே நின்றோம். ஒட்டுக்கேட்கவில்லை, கதவு திறந்திருந்தது.

"டாக்டர், உங்க ஆனந்தக் கண்ணீர்ல கிருமி கொத்துக் கொத்தா நீந்துது."

"எங்கேர்ந்து வந்துச்சாம்? வார்டு தரையிலேர்ந்து வந்திருக்கும்."

"நூல்லேர்ந்து. உங்க பட்டு பின்னல் நூல். பொடிப் பொடி இழையா முறுக்கிப் பின்னினது. இழைக்கும் இழைக்கும் நடுவுல சந்து இருக்கு. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சற மாதிரி ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரத்தோட கிருமி உள்ள போயிடும். அதைத் துரத்திட்டு வர்ற வெள்ளணு அதைவிடப் பெருசு, அந்தச் சந்துக்குள்ள நுழைய முடியாது. கள்ளனுக்குத் தொறந்த சந்து, காவல்காரனுக்கு அடைச்ச சந்து. உள்ள உக்காந்து குடும்பம் நடத்துது."

"தூண்டில் நரம்புல ஒண்ணும் ஒட்டாதாக்கும்?"

"ஒட்டும். ஆனா ஒளியறதுக்கு இடமில்ல. ஒரே இழை, வழவழன்னு இருக்கு. ஒட்டினதை உடம்பே பார்த்துத் துடைச்சிடும். நான் சொல்றதை நம்ப வேணாம். நாற்காலியைக் குடுங்க."

நாற்காலியைக் கொடுக்க அவர் மறுத்தார். பேச்சுவார்த்தைக்குப் பின் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. நாற்காலியின் வலப்பிடியில் புதிதாய் ஒரு பட்டு முடிச்சு, இடப்பிடியில் ஒரு நீல முடிச்சு. பின்னதைக் கட்டியவர் அம்மையார். ஒரு வாரம் தலைமை மருத்துவர் வழக்கம்போல் அமர்வார், டீ குடிப்பார், திட்டுவார். பிறகு இரண்டு முடிச்சுகளையும் வெட்டி, கிருமி வளர்க்கும் திரவம் உள்ள இரு சோதனைக் குழாய்களில் தனித்தனியே போடுவது. இந்தத் திரவத்துக்கும் தலைமை மருத்துவர் ஒரு பெயர் வைத்திருந்தார்: 'உன் சூப்பு'.

அந்த வாரம் அவர் வலக்கையை மடியிலேயே வைத்திருந்தார். டீயை இடக்கையால் குடித்தார். தொடக்கப் பள்ளிப் பிள்ளை போல் அடிக்கடி கை கழுவினார். கழுவிய கையால் மட்டுமே வலப்பிடியைத் தொட்டார். இடப்பிடியை மட்டும், போகிற வருகிற எல்லாரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். "எவ்வளவு வழவழன்னு இருக்கு பாரு, தொட்டுப் பாரு" என்று லிஃப்ட் இயக்குபவரைக்கூட அழைத்தார். ஓடாத லிஃப்டை இயக்குபவருக்கு நேரம் நிறைய இருந்தது. அவர் நன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

அப்படியும், முடிச்சுகளைக் குழாய்களில் போட்ட மறுநாள் காலையில் பட்டுக் குழாய் கழுநீர் போல் கலங்கிக் கிடந்தது. நீலக் குழாய் லேசாய் மங்கியிருந்தது. எதிர்ப்பக்கம் வைத்த விரல் தெரிந்தது. அம்மையார் இரண்டையும் அவர் மேசையில் வைத்துவிட்டுக் கீழே போனார். தலைமை மருத்துவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் தீர்ப்பளித்தார்:

"பட்டுல கிருமி நல்லா வளருதுன்னா, அது உயிருக்கு உகந்த நூல்னு அர்த்தம்."

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை.

இத்தோடு போயிருந்தால் இது கணவன் மனைவி வழக்காக முடிந்திருக்கும். ஆனால் அந்த நேரத்தில்தான் நீச்சல் ஆசிரியை மூன்றாம் முறையாக வந்தார்.

அவரை அவையோர் அறிவீர்கள். மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். தொப்புளுக்கு மேலே குடலிறக்கம். நம் தலைமை மருத்துவர் உள்ளடுக்கைப் பட்டு நூலால் தைத்து மூடினார். தையல் சித்திரம்போல் இருந்தது. பட்டு கரையாத நூல்; உள்ளேயே கிடக்கும். சில வாரத்தில் தழும்பின் ஓரத்தில் ஒரு சின்ன வாய் திறந்து, அதிலிருந்து கறுப்பாய் ஒரு நூல் நுனி எட்டிப் பார்த்தது, கூடவே ஆனந்தக் கண்ணீர். அந்த நூலை இழுத்தெடுத்ததும் வாய் மூடியது. பிறகு பக்கத்திலேயே இன்னொரு வாய். அதையும் எடுத்தார். இப்போது மூன்றாவது.

"காயம் ஆறுது. சந்தோஷத்துல..." என்று தோளைத் தட்டத் தொடங்கினார்.

"டாக்டர், நீங்க ஆனந்தக் கண்ணீர்னு சொல்றீங்க. நீச்சல் குளத்து மேனேஜர் சீழ்னு சொல்றாரு. எனக்கு வேலை குடுத்திருக்கறது அவரு."

தட்டப் போன கை காற்றில் நின்றது.

"தண்ணிக்குள்ள இறங்கக் கூடாதுன்னுட்டாங்க. சரிதானே, அந்தத் தண்ணியைக் குடிக்கிறது பூரா குழந்தைங்க. இப்ப நான் கரையில நின்னு கத்தறேன். கரையில நின்னு நீச்சல் சொல்லித் தர்றது, போன்ல முடி வெட்டற மாதிரி. எனக்குப் பதிலா ஒரு தம்பி தண்ணிக்குள்ள இறங்கறான். புது வகுப்பு தொடங்கறப்ப எனக்குப் புண்ணு காயலைன்னா அவன்தான் நிரந்தரம். நான் வீட்டுக்குப் போய் வாளித் தண்ணியில நீந்தணும்."

"பட்டு நூல்ல குத்தம் இல்லம்மா. உங்க உடம்பு கொஞ்சம்..."

"என் உடம்புதான் குத்தம்னா சரி டாக்டர், மாத்திக் குடுங்க." எழுந்து நின்றார். கோபமாகப் பேசவில்லை, பிள்ளைகளிடம் பேசிப் பழகிய குரல். "நான் குழந்தைங்களுக்கு முதல் நாள் என்ன சொல்லித் தருவேன் தெரியுமா? நீச்சல் இல்ல. மூழ்கறப்போ 'நான் நீந்திட்டுதான் இருக்கேன்'னு சொல்லக் கூடாது, கையைத் தூக்கணும். அவ்வளவுதான். அது வந்துட்டா மிச்சம் தானா வரும்."

நம் தலைமை மருத்துவர் மனத்தில் என்ன ஓடியது என்று எங்களுக்குத் தெரியாது. காது இரண்டும் சிவந்ததைப் பார்த்தோம். அன்று எவரும் திட்டு வாங்கவில்லை. பயந்துபோய் இருவர் விடுப்பு எழுதிக் கொடுத்தனர்.

அதன் பிறகு பிற்பகல்களில் அவர் அறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினால், "வேலையா இருக்கேன்" என்று குரல் வரும். குரல் கதவுக்கு நேரே வராமல், எங்கோ தரையோரத்திலிருந்து வருவது போல் இருந்தது. ஓய்வு நெருங்குகிறதே, மனம் கனத்துப் படுத்திருக்கிறார் போலும் என்று எண்ணினோம். மயக்க மருத்துவர் மட்டும், "நான்கூட இப்படித்தான் ஆரம்பிச்சேன்" என்றார்.

நாற்காலிக்கு மெருகேற்றி விழாவில் பரிசாக அளிப்பதென்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. ஓய்வுக்கு இரண்டு மாதம் இருக்கையில், அவர் கருத்தரங்குக்குப் போயிருந்த நாள் பார்த்து, மெருகு போடுபவரை வரவழைத்தோம். அவர் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். கவிழ்த்தவர், "இதை வெட்டிடட்டுமா?" என்று கேட்டார்.

எதை என்று எட்டிப் பார்த்தோம்.

இருக்கைக்கு அடியில், முன்கால் இரண்டையும் இணைக்கும் குறுக்குச் சட்டத்தில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத பக்கத்தில், நீல முடிச்சுகள். வரிசையாக. ஓரத்தில் இருந்தவை பாதி அவிழ்ந்து, தலை வாராத பிள்ளைகள்போல் நாலாபக்கமும் சுருண்டு நின்றன. அடுத்தவை அவிழவில்லை, ஆனால் கோணல். நடுவில் ஒன்றை வெட்டி, மறுபடி கட்டி, மறுபடி வெட்டிய தடம். கடைசிக் கோடியில் இருந்தவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு சுற்று, வாலைக் கச்சிதமாய் நறுக்கி, மணி மணியாக. மேலே பட்டின் பேரரசு. கீழே, அறுபதை நெருங்கும் ஒரு மனிதர் முதலாண்டு மாணவனாகத் தரையில் குப்புறப் படுத்து, கதவைத் தாழிட்டுக்கொண்டு, தாம் தூண்டில் நரம்பென்று சிரித்த நூலைக் கட்டக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

எவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் இம்மடல் எளிதாயிருந்திருக்கும்.

தியேட்டர் சிஸ்டர்தான் முதலில் வாய் திறந்தார். அறுவை அரங்கில் தலைமை மருத்துவர் கேட்கும் முன்பே கருவியைக் கையில் வைப்பவர். அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

"அதைத் தொட்டீங்கன்னா உங்களுக்கு நான் தையல் போட வேண்டியிருக்கும். மேல மட்டும் மெருகு போடுங்க. கீழ எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கட்டும். யாரும் யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

யாரும் யாரிடமும் சொல்லவில்லை. மாலைக்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அம்மையாரிடம் மட்டும் எப்படிச் சொல்வதென்று தயங்கி, சிஸ்டர் கீழ்த்தளத்துக்குப் போனார். அம்மையார் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாற்காலி மட்டுந்தானா? எங்க வீட்டுக் கட்டில் காலை வந்து பாருங்க. நான் பார்க்காத மாதிரி இருக்கேன். நீங்களும் அப்படியே இருங்க, சிஸ்டர்."

அடுத்த வாரம் நீச்சல் ஆசிரியைக்கு அறுவை. மீதமுள்ள பழைய நூலையெல்லாம் எடுத்துவிட்டு மறுபடி மூடுவது. அதுவே நம் தலைமை மருத்துவரின் கடைசிப் பெரிய அறுவை என்று செய்தி பரவி, கல்லூரியிலிருந்து பயிற்சி மாணவர்கள் கூட்டமாக வந்து சுவரோரம் நின்றார்கள். பட்டுக்கையின் பட்டுத் தையலைப் பார்க்க வந்தவர்கள் அவர்கள். அவர் எதிரில் இப்போது இரண்டு வயிறுகள் இருந்தன என்று சொல்லலாம்: ஒன்று மேசைமேல் திறந்து கிடந்தது, மற்றது, இத்தனை ஆண்டு பட்டைப் பற்றி அவரே பேசிய, இன்று திறந்தாக வேண்டிய பேச்சு.

பழைய பட்டுக் கண்ணிகளை ஒவ்வொன்றாக இடுக்கியால் பிடித்து வெளியே எடுத்தார். கறுத்து, ஊறி, ஈரம் சொட்ட வந்தன. அவர் கையால் போட்ட சித்திரத் தையல்கள். ஒவ்வொன்றையும் விளக்கொளியில் ஒரு கணம் பார்த்துவிட்டுக் குப்பியில் போட்டார்.

"கீழ அனுப்புங்க."

சிஸ்டர் குப்பியை மூடினார். அதில் ஒட்டும் சீட்டில் எழுதப் பேனாவை எடுத்தார். "என்னன்னு எழுதட்டும் சார்?"

வார்டில் வழங்கிய மூன்று சொற்களும் அறையில் இருந்த எல்லார் நினைவிலும் வரிசையாக வந்து நின்றன. மயக்க மருத்துவர் கண் திறந்தார்.

"சீழ்னு எழுதுங்க," என்றார் தலைமை மருத்துவர்.

சிஸ்டர் எழுதினார். தலை நிமிரவில்லை. காயத்தைக் கழுவினார்கள், மறுபடி கழுவினார்கள். பிறகு மூடும் நேரம் வந்தது. தலைமை மருத்துவர் வலக்கையை நீட்டினார். குரல் சுவரோர மாணவர்களைத் தாண்டி வராந்தா வரை போனது.

"பட்டு!"

நீட்டிய உள்ளங்கையில் ஒன்றும் வந்து விழவில்லை.

"பட்டு தீர்ந்துபோச்சு சார்," என்றார் சிஸ்டர்.

அவருக்கு நேர் பின்னால் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. அதன் மேல்தட்டுகளில் பட்டு நூல் பொட்டலங்கள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். ஓர் அலமாரியை எதில் மறைப்பது? மயக்க மருத்துவர் எழுந்தார். தம் பணிக்காலத்தில் முதன்முறையாக, அறுவை நடுவில், முக்காலியை விட்டு எழுந்து, நோயாளியின் மூச்சுக் கருவிமேல் ஒரு கண் வைத்தபடியே இரண்டடி பின்னால் நகர்ந்து, அலமாரிக்கு முன்னால் கை இரண்டையும் அகட்டி, சோம்பல் முறிப்பதுபோல் நின்றார். அவருடைய அகலம் இவ்வளவு காலம் எதற்காக வளர்ந்ததென்று அன்று எங்களுக்கு விளங்கியது.

"தீர்ந்துபோச்சா?" என்றார் தலைமை மருத்துவர். "ஒண்ணுகூடவா இல்ல?"

"ஒண்ணுகூட இல்ல சார்."

"என்ன நிர்வாகம் இது! நான் இருக்கும்போதே இப்படின்னா நாளைக்கு என்ன ஆகும்?" திட்டினார். அவ்வளவு நிம்மதியாக அவர் திட்டி நாங்கள் கேட்டதில்லை. "சரி, வேற என்னதான் இருக்கு?"

"நீல நூல் இருக்கு சார்."

"வேற வழி?"

"இல்ல சார்."

"குடுங்க. எல்லாம் நேரம்."

கேட்கும் முன்பே ஊசியில் கோத்துத் தயாராயிருந்த நீல நூல் அவர் கையில் வந்து அமர்ந்தது. அவர் தைத்தார். நூல் வழுக்கவில்லை. சுருளவில்லை. ஒவ்வொரு முடிச்சிலும் ஏழு சுற்று, கையைப் பார்க்காமலே. சுவரோரத்தில் ஒரு மாணவனுக்குப் பொறுக்கவில்லை.

"சார், நீங்க இந்த நூலைத் தொடவே மாட்டீங்கன்னு சொன்னாங்களே. எப்படி இவ்வளவு சுலபமா..."

"பட்டு கட்டின கைக்கு எந்த நூலும் படியும்," என்றார் தலைமை மருத்துவர். பிறகு கத்தரிக்கோலைக் கேட்டார். எறியவில்லை, திருப்பிக் கொடுத்தார்.

கதை இவ்வளவுதான். நீச்சல் ஆசிரியை இன்று காலை வகுப்பை முடித்துக்கொண்டு குளத்திலிருந்து நேராக இங்கே வந்திருக்கிறார். அவர் தலைமுடி இன்னும் காயவில்லை. புண் காய்ந்துவிட்டது.

பெருந்தகையே! இனித் தாங்கள் எங்கள் பக்கம் திரும்பலாம்.

தலைசிறந்த தையல் தங்களுடையதே என்று தொடக்கத்தில் சொன்னோம். அந்தச் சொல்லைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் எந்தத் தையல் என்பதில் தங்களுக்கும் எங்களுக்கும் சற்றே கருத்து வேறுபாடு உண்டு. தாங்கள் மேலே உள்ளவற்றைச் சொல்கிறீர்கள். நாங்கள் கீழே உள்ளவற்றைச் சொல்கிறோம். அவற்றிலும் ஓரத்தில் அவிழ்ந்து கிடப்பவற்றை.

மெருகேற்றிய இந்நாற்காலியை, மேலும் கீழும் உள்ளபடியே, தங்கள் இல்லத்துக்கு உரிமையாக்குகிறோம். கட்டில் காலுக்கு இனிச் சற்று ஓய்வு கிட்டும். அத்துடன், அன்று தீர்ந்துபோன பட்டு நூல் முழுவதையும் ஒரு பெட்டியில் இட்டுத் தங்கள் காலடியில் வைத்திருக்கிறோம். காலாவதி நாள் கடந்தவை. காயத்துக்கு உதவா, கைப்பிடிக்கு உதவும். பெட்டி கனமானது. தீர்ந்துபோன பொருள் இவ்வளவு கனக்கும் என்று நாங்களும் எதிர்பார்க்கவில்லை. பெட்டியின் அடியில், பட்டுக்கெல்லாம் கீழே, நீலச் சுருள் ஒன்றும் கிடக்கிறது. அது அங்கே எப்படி வந்ததென்று தாங்கள் கேட்கப் போவதில்லை. நாங்கள் சொல்லப் போவதுமில்லை.

தாங்களும் கீழ்த்தளத்து அம்மையாரும் நோயின்றி, நொடியின்றி, சீழின்றி, தேவைப்பட்டால் ஆனந்தக் கண்ணீர் மட்டும் கொண்டு, நூறாண்டு கடந்தும் நீடு வாழ்க! வாதம் செய்து வாழ்க! வாதத்தில் தோற்றும் வாழ்க! தங்களைத் திறக்க வேண்டிய தேவை எங்களுக்கு ஒருபோதும் வராதிருக்க! வந்தால், எந்த நூல் என்று தாங்கள் சொல்ல வேண்டியிராது.

என்றும் தங்கள் திட்டுக்குரிய,
அறுவை அரங்கு, முதல் மாடி வார்டு, கீழ்த்தள ஆய்வகப் பணியாளர்கள்,
மற்றும் லிஃப்ட் இயக்குபவர்.

கண்ணாடிச் சட்டத்துக்குள் வைக்கும் முன் சேர்த்தது: மடல் வாசிக்கப்பட்டுக்கொண்டிருக்கையிலேயே தாங்கள் பெட்டியைத் திறந்துவிட்டீர்கள். வாசித்து முடித்து அனைவரும் கை தட்டியபோது தாங்கள் மட்டும் தட்டவில்லை. இரு கைகளுக்கும் வேலை இருந்தது. விழா முடிந்து நாற்காலியைத் தூக்கியபோது பார்த்தோம். இடப்பக்கக் கைப்பிடியில், எல்லாரும் பார்க்கும்படி மேலே, ஒரு நீல முடிச்சு. ஏழு சுற்று. இழுத்துப் பார்த்தோம், நழுவவில்லை.